மருத்துவ மேதை சுப்பாராவ்

உலகில் தம் பெயரால் நிலைபெற்றோர் பலர். தம் செயலால் நிலைபெற்றும் பெயரளவில் பலரும் நினையாதிருக்கும் பெரியோர் சிலர். இவ்விரண்டாம் வகையினருள் தலைசிறந்து விளங்குபவர் டாக்டர் எல்லாபிரகட சுப்பாராவ் ஆவர். கோவை நகரத்து மருந்துக்கடைகளிலே கருவுற்ற மாதர் உட்கொள்ளும் போலிக் அமில மாத்திரையும், யானைக்கால் நோய்க்கெனக் கொடுக்கப்படும் மாத்திரையும், முடக்குவாதத்தால் வருந்துவோர் வாரம் ஒரு முறை உண்ணும் மெத்தோடிரெக்சேட் மாத்திரையும் இருக்கக் காண்கிறோம். இம்மூன்றும் அப்பெருந்தகையாரின் தலைமையில் நடைபெற்ற ஆராய்ச்சியினின்றும் புறப்பட்டவை என்பதை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே.

முடக்குவாதம் என்பது நாட்டு வழக்கில் சரவாங்கி எனப்படும் கொடிய நோய். காலையில் துயிலுணர்ந்து எழும்போதே விரல் மூட்டுகள் இறுகி, நெடுநேரம் மடக்கவும் நீட்டவும் இயலாதிருக்கும். நாளடைவில் மூட்டுகள் வீங்கிக் கோணித் தம் தொழிலை இழக்கும். வெளிப்பகையினின்றும் உடலைக் காக்கவேண்டிய காவற்படையே மதிமயங்கி, உடலின் சொந்த மூட்டுச் சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவதே இந்நோயின் இயல்பு. ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றுகிறது. பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த நற்கிருமிகளைக் கொண்டு இந்நோயைத் தணித்தல் கூடுமோ என்று இக்கால அறிஞர் பல நாடுகளிலும் ஆராய்ந்து வருகின்றனர். குடலுக்கும் மூட்டுக்கும் என்ன உறவு என்று வியப்பார்க்குச் சுப்பாராவின் வாழ்க்கை வரலாறு நல்லதொரு விடையாகும்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஜகன்னாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் அரசாங்க வருவாய்த் துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் அதனை விட்டவர். ஆதலால் குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது.

இளமையில் இவர் படிப்பிலே சிறந்த மாணவராக விளங்கவில்லை. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி வீட்டைவிட்டு ஓடினார், தேடிப்பிடித்து மீட்கப்பட்டார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையாகச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியினின்றும் எழுதித் தேறினார். தேர்வில் தவறியதும் தம் வாழ்வே பாழாயிற்றென்று மனமுடையும் இளைஞர் இச்செய்தியை நெஞ்சில் இருத்துவாராக.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலே பயின்றார். அந்நாளில் அவருள்ளம் துறவு நெறியிற் சென்று, இராமகிருஷ்ண மடத்தைச் சேர விழைந்தது. தாயார் அதற்கு இசையவில்லை. மக்கட்கு மருத்துவத் தொண்டு புரிதலும் துறவுக்கு ஒப்பாகும் என்ற எண்ணத்துடன் 1915 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார். நண்பர்களும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர். 1919 ஆம் ஆண்டு சேஷகிரி அம்மையாரை மணந்தார்.

கதர் உடையும் கிராணி நோயும்

அது நாட்டு விடுதலைக் கிளர்ச்சி வளர்ந்துகொண்டிருந்த காலம். சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்பிற்கும் கதரினாலான மேலங்கியையே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர்க்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும் இவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியும் வாய்க்கவில்லை. எனவே சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையே அக்குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்புரூ என்று மேலைநாட்டு மருத்துவர் கூறும் கிராணி நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்து இரையாயினர். அந்நோய் கண்டவர்க்குக் குடலின் உட்பரப்பு தேய்ந்து, உண்ட உணவின் சத்து உடலிற் சேராது கழியும், நாப் புண்ணாகும், இரத்தம் வற்றும், மெலிந்து மெலிந்து மாய்வர். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. மேலைநாட்டு மருத்துவம் அன்று கைவிரித்தது. டாக்டர் லட்சுமிபதி செய்த ஆயுர்வேதச் சிகிச்சையால் இவர் உயிர் பிழைத்தார். தாம் கற்ற மருத்துவத்தால் தம் உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லையே என்ற துயரம் அவர் நெஞ்சைவிட்டு என்றும் அகலவில்லை. நோயின் வேரைக் கண்டறிய வேண்டும் என்னும் வேட்கை அத்துயரத்திலே முளைத்தது.

கடல் கடந்த வாழ்வு

1920களின் முற்பகுதியில், காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறநிலையமும் மாமனாரும் உதவ, சுப்பாராவ் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரையடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியிலே சேர்ந்தார். கருவுற்றிருந்த மனைவியாரைப் பிரிந்து சென்றார். பின்னர்ப் பிறந்த ஆண்மகவு சில மாதங்களிலேயே இறந்தது. சில ஆண்டுகளில் திரும்பலாம் என்று புறப்பட்டவர் தாய்நாட்டையோ மனைவியாரையோ மீண்டும் காணவேயில்லை. அவர் புகழின் ஒளியை எழுதுவோர் சேஷகிரி அம்மையார் தனித்திருந்து கழித்த ஆண்டுகளின் இருளையும் மறத்தல் தகாது.

பாஸ்டனில் மருத்துவத் தொழில் புரிய அவருக்கு உரிமையில்லை. ஆதலால் இரவு நேரங்களில் மருத்துவமனையொன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவும் பணி செய்து வயிறு வளர்த்தார். பகலில் சைரஸ் பிஸ்க் என்னும் பேராசிரியரிடம் இரசாயன ஆராய்ச்சியிலே ஈடுபட்டார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை நீலநிறத்தின் ஆழத்தைக்கொண்டு கணிக்கும் முறையொன்றை இருவரும் 1925 இல் வெளியிட்டனர். பிஸ்க்–சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உலகெங்கும் மாணவர் கற்கும் முறை அதுவே.

அளக்கக் கற்றவர்க்கு மறைந்திருப்பவையும் புலப்படும். அம்முறையின் துணையால் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927 இல் கண்டறிந்தனர். 1929 இல் ஏ.டி.பி. என்னும் பொருளை வெளிப்படுத்தினர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். உயிரினங்கள் யாவும் தம் ஆற்றலைச் செலவிடும் நாணயம் இவ் ஏ.டி.பி.யே. 1930 இல் சுப்பாராவ் ஹார்வர்டின் பிஎச்.டி. பட்டம் பெற்றார். எனினும் அப்பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான பதவி வழங்கவில்லை. 1940 இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆராய்ச்சிச்சாலையிலே சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

குன்னூரும் குறையுணவும்

சுப்பாராவ் அங்கே கையிலெடுத்த பெருஞ்செயல் போலிக் அமில ஆராய்ச்சியாகும். இதன் தொடக்கம் நம் அண்டை மலையோடு தொடர்புடையதாதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928 இல் இந்தியாவிற்கு வந்தார். பம்பாயிலே கருவுற்ற ஏழைப் பெண்டிர் இரத்தம் வற்றி மடிவதன் காரணத்தை ஆராய்வது அவர் நோக்கம். அப்பெண்டிருள் பஞ்சாலைகளில் உழைப்போர் பலர். 1929 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் அக்டோபர் வரை அவர் தம் ஆராய்ச்சியைக் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திற்கு மாற்றிக்கொண்டார். மேட்டுப்பாளையத்தினின்றும் மலையிரயில் ஏறிச் செல்லும் அதே குன்னூர்தான். அங்கே அந்நாளில் இராபர்ட் மெக்கரிசன் உணவாராய்ச்சிக்குத் தலைவராக இருந்தார். 1931 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார்.

ஏழைப் பெண்டிரின் குறையுணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் ஊட்டி, இரத்தம் வற்றுவதை அவ்வம்மையார் கண்டார். ரொட்டியைப் புளிக்கச் செய்யும் ஈஸ்டின் சாற்றைக் கொடுக்க, இரத்தம் மீண்டும் ஊறியது. மலிவான அச்சாறு நோயுற்ற தாய்மாரையும் தேற்றியது. அதிலிருந்த அரும்பொருள் யாதென்று அன்று எவர்க்கும் தெரியவில்லை. பம்பாய் ஆலைப் பெண்டிரின் துயரத்திலிருந்து பிறந்த அக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு, கிராணி நோயினின்றும் பிழைத்த சுப்பாராவின் குழுவினர்க்கு வாய்த்தது.

கிருமியே தராசு

கண்ணுக்கும் சாதாரணத் தராசிற்கும் அகப்படாத அச்சிறு பொருளை எங்ஙனம் அளப்பது? இங்கேதான் பாலைப் புளிக்கச் செய்யும் கிருமியினம் துணைக்கு வந்தது. லாக்டோபாசில்லஸ் கேசி என்று அந்நாளில் பெயரிட்டழைத்த ஒரு கிருமி, அப்பொருளில்லாமல் வளராது என்பதை அமெரிக்க அறிஞர் கண்டிருந்தனர். அக்கிருமிக்கு வேண்டிய மற்றெல்லா உணவும் நிறைந்து, அவ்வொன்று மட்டும் இல்லாத நீர்மத்தை அமைப்பர். ஆராயவேண்டிய ஈரற்சாற்றையோ ஈஸ்ட் சாற்றையோ அதிலே துளியளவு சேர்ப்பர். கிருமி பெருகி நீர்மம் எவ்வளவு கலங்குகிறதோ, எவ்வளவு புளிக்கிறதோ, அவ்வளவு அப்பொருள் அச்சாற்றில் உண்டென்று அறிவர். பொன்னை உரைகல் காட்டுவதுபோல் சத்தைக் கிருமி காட்டியது.

இம்முறையால் லெடர்லியில் ஈரலினின்றும், வேறொரு கிருமியின் நொதிப்பினின்றும் அப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை அறிந்து, 1945 இல் செயற்கையாகவும் ஆக்கினர். அதனை அறிவித்த கட்டுரையில் 16 ஆராய்ச்சியாளரின் பெயர்கள் இருந்தன. தலைவரான சுப்பாராவின் பெயர் அவற்றின் நடுவே ஒன்றாக நின்றது. அவ்வமிலம் கிராணி நோயாளருக்கும் கொடுக்கப்பட்டது. வற்றிய இரத்தம் ஊறியது. அவர் ஆராய்ச்சிச்சாலையிலேயே பெஞ்சமின் டகர் என்பவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரினின்றும் ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளுள் அதுவே முதலாவது. இன்று அக்கிராணிக்கு மருத்துவர் அளிப்பவை போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமேயாம். உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்குரிய மருந்தின் இரு பாதிகளும் அவர் தலைமையின்கீழேயே பிறந்தன.

பொய்த் திறவுகோல்

போலிக் அமிலம் உடலணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாதது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகட்கு இவ்வினப் பொருள்களைக் கொடுத்தபோது நோய் தணியாது விரைந்து வளர்வதைக் கண்டார். அங்ஙனமாயின் அதற்கு எதிர்ப்பொருளைக் கொடுத்தால் நோய் ஒடுங்கலாமன்றோ? சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தைப் போன்ற உருவும் அதற்கு மாறான செயலும் உடைய பொருள்களை ஆக்கினர். பூட்டிற் புகுந்து திறவாது அதனை அடைத்துக்கொள்ளும் பொய்த் திறவுகோல் போன்றவை அவை. அவற்றுள் அமினோப்டெரின் என்பதனைப் பார்பர் 16 குழந்தைகட்குக் கொடுத்தார்; பதின்மர்க்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததென 1948 ஜூன் மாதத்தில் வெளியிட்டார். அக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளே மெத்தோடிரெக்சேட்.

நியூயார்க்கில் ராபர்ட் கப்னர் என்னும் மருத்துவர் 1951 இல் அமினோப்டெரினைச் சிறு அளவில் முடக்குவாதக்காரர்க்குக் கொடுத்து நன்மை கண்டார். ஆயினும் கார்ட்டிசோன் என்னும் மருந்தின் புகழ் அப்போது உலகெங்கும் ஓங்கியிருந்தமையால் அச்செய்தியை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. கார்ட்டிசோனின் தீங்குகள் தெளிந்தபின், 1980களில் மெத்தோடிரெக்சேட் முறையாகச் சோதிக்கப்பட்டு, 1988 இல் அமெரிக்காவில் முடக்குவாதத்திற்குரிய மருந்தென அரசினரால் ஏற்கப்பட்டது. இன்று அந்நோய்க்கு மருத்துவர் முதலில் எடுக்கும் மருந்து பெரும்பாலும் இதுவே. அடினோசின் என்னும் பொருளைப் பெருகச்செய்து இது வீக்கத்தை அடக்குகிறது என்பது இக்கால அறிஞரின் கொள்கை. அவ் அடினோசினோ சுப்பாராவ் 1929 இல் வெளிப்படுத்திய ஏ.டி.பி.யின் ஓர் உறுப்பு. மருந்தின் தீங்கைக் குறைக்க மருத்துவர் உடன்கொடுப்பதும் போலிக் அமிலமே. ஒருவர் வாழ்நாளின் மூன்று கண்டுபிடிப்புகள் ஒரு நோயாளியின் உடலிலே கூடும் விந்தையை என்னென்பது!

நற்கிருமிகளின் இன்றைய நிலை

அன்று தராசாக நின்ற கிருமியினத்தையே இன்று மருந்தாகவும் சோதிக்கின்றனர். 1907 இல் மெச்னிகாவ் என்னும் ரஷிய அறிஞர், புளித்த பாலின் கிருமிகள் குடலைத் தூய்மை செய்து முதுமையைத் தள்ளும் என்று எழுதியது முதல் இவ்வெண்ணம் வளர்ந்து வந்துள்ளது. 2013 இல் நியூயார்க்கைச் சேர்ந்த அறிஞர், முடக்குவாதம் புதிதாகத் தோன்றியோரின் குடலில் பிரிவோடெல்லா காப்ரி என்னும் கிருமி மிகுந்திருப்பதைக் கண்டனர். 2014 இல் ஈரான் நாட்டு அறிஞர், இந்நோயுற்ற 46 பெண்டிரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு லாக்டோபாசில்லஸ் கேசி அடங்கிய குளிகையும், மற்றையோர்க்கு வெற்றுக் குளிகையும் 8 வாரம் கொடுத்தனர். முதற்பிரிவினர்க்கு நோயின் கடுமை குறைந்தது. ஆனால் பின்லாந்தில் அதன் நெருங்கிய உறவான ராம்னோசஸ் கிருமியை ஓராண்டுக் காலம் கொடுத்துச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அது 2003 இல் வெளிவந்தது. சுப்பாராவின் காலத்தில் கேசி எனப்பட்ட அளவுக் கிருமியும் பின்னர் ராம்னோசஸ் என்றே பெயர் மாற்றம் பெற்றது. குலம் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று என்பது இதனால் விளங்கும்.

கம்பங்கூழும் மோரும் பழஞ்சோற்று நீரும் கொங்கு நாட்டு உழவர்க்குப் பரம்பரை உணவு. அவற்றின் பெருமையைக் குறைத்துரைப்பார் யாருமில்லை. ஆயினும் வீட்டுத் தயிரின் கிருமி உறைக்கு உறை மாறுபடுவது. குளிகையிலுள்ளதோ தேர்ந்தெடுத்து எண்ணி அடைத்தது. இரண்டும் ஒன்றென மயங்கி, தயிருண்டால் போதும் என்று மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் கைவிடுவோர்க்கு மூட்டுகள் மீளாக் கேடுறும். கோணிய விரலைப் பின்னர் எம்மருந்தும் நிமிர்த்துவதரிது. அதுபோன்றே, வாரம் ஒருமுறை உண்ணவேண்டிய மெத்தோடிரெக்சேட்டை நாள்தோறும் உண்டுவிடுதல் உயிருக்கே ஆபத்தாகும். கற்றோர் தம் இல்லங்களில் உள்ள முதியோர்க்கு இவ்விரண்டையும் எடுத்துரைப்பது கடமையாகும்.

குணநலனும் மறைவும்

சுப்பாராவ் புகழை நாடாதவர். யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் என்னும் மருந்தும் 1947 இல் அவர் குழுவினரிடமிருந்தே வெளிவந்தது. அதற்கும் அவர் ஆரவாரம் செய்தாரில்லை. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று 1946 இல் சட்டம் வந்தபின்னரும் அவர் அதனை நாடவில்லை. 1948 ஆகஸ்டு மாதத்தில், 53 ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. மெத்தோடிரெக்சேட் முடக்குவாதக்காரரின் கைகளை விடுவிப்பதை அவர் கண்ணாற் கண்டாரல்லர். நோபெல் பரிசு அவரை நாடி வரவில்லை. பூஞ்சண இனமொன்றிற்குச் சுப்பாரோமைசிஸ் என்று அறிஞர் அவர் பெயரை இட்டனர். 1995 இல் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அரசாங்கம் அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளவேண்டுவது யாது? சுப்பாராவ் தம் துயரத்தைப் புலம்பலாக்காது கேள்வியாக்கினார், கேள்வியை அளவையாக்கினார், அளவையினின்றும் மருந்தைப் பெற்றார். ஆயுர்வேதம் தம் உயிரைக் காத்ததை அவர் மறுத்தவரல்லர். அதற்காக ஆராயாமல் எதனையும் ஏற்றவருமல்லர். இன்று நற்கிருமிகளைப் பற்றிப் பேசுவோர், பழமை என்பதற்காகப் போற்றாமலும் புதுமை என்பதற்காக நம்பாமலும், அவர் கையாண்ட அதே அளவுகோலைக் கையில் எடுப்பாராயின், தயிரின் கிருமி மூட்டின் துயரைத் தீர்க்குமா என்பது ஒருநாள் ஐயமறத் தெளிவாகும். அவ்வளவுகோலை ஏந்தும் கைகளுள் நம் கல்லூரி மாணவர் கைகளும் சில இருத்தல் வேண்டும்.